கிளியம்மாள் ஊதிய இலை

மானை நாய் எப்படிக் கொல்லும் என்று யாராவது கேட்டால் நான் மழுப்ப மாட்டேன், அப்படியே சொல்லிவிடுவேன். தெருநாய் பின்பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பிக்கும். மான் நின்றுகொண்டிருக்கும்போதே தொடையைக் கிழிக்கும், மடியைக் கிழிக்கும். குடல் வெளியே வந்த பிறகும் அந்த மான் பத்தடி ஓடும். உயிர் போக இருபது நிமிஷமாவது ஆகும். என் பெயர் யூனிஸ், கால்நடை மருத்துவர். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் இருக்கிற மஞ்சம்புல் மலையில் மான் செத்தால் பிரேதப் பரிசோதனைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மார்கழிக்கு முன்னால் மூன்று வருஷத்தில் இருபத்தேழு மான்களை அறுத்திருந்தேன். அத்தனைக்கும் எதிரே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டவள் கிளியம்மாள்.

கிளியம்மாள் அந்த மலைக்கு வனத்துறை வாட்சர். ஐம்பத்திரண்டு வயது. புடவைக்கு மேலே காக்கிச் சட்டை, இடுப்பில் புதர் வெட்டும் கத்தி, காலில் மகளிர் குழுவில் கொடுத்த ஆண்பிள்ளை ஷூ. புருஷன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. மலையடிவாரத்தில் தகரம் போட்ட காவல் அறைதான் அவளுக்கு வீடும் ஆபீசும். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் தப்பை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது என்பது எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது.

மலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். மேலே மரம் கிடையாது. பாறையும் புல்லும்தான். கார்த்திகை மார்கழியில் புல் இடுப்பு வரை நிற்கும். ஊசிப்புல் புடவையில் ஏறினால் அன்று முழுக்க உட்கார்ந்து பிடுங்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இவ்ளோ எடம் சும்மா கெடக்குதே, மரம் நடலாமே?" மரக்கன்றோடும் பேனரோடும் வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காடையும் கவுதாரியும் வானம்பாடியும் முட்டை வைப்பது அந்தப் புல்லுக்குள். முயல், நரி, உடும்பு, கண்ணாடி விரியன், எல்லாம் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. மான் குட்டி போட்டு ஒளித்துவைப்பதும் அங்கேதான். சும்மா கிடக்கிறதாம்.

காலையில் மேலே உட்கார்ந்திருந்தால் உயிரியல் பூங்காவில் சிங்கம் கர்ஜிப்பது கேட்கும். நான் முதல்முதலில் கேட்டபோது எழுந்து ஓடப் பார்த்தேன். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

"இதுங்க பொறந்ததுலேந்து கேக்குதுங்க டாக்டரம்மா. ஒரு நாளாச்சும் அந்தச் சிங்கம் வந்துகீதா? வெறும் சவுண்டு. அதுங்களுக்குத் தெரியும்" என்றாள் கிளியம்மாள்.

கிளியம்மாள் பிறந்தது வேட்டைக் குடும்பம். அடிவாரத்து ஊரில் காணும் பொங்கலன்று மலை ஏறி முயலும் மானும் அடிப்பது வழக்கமாக இருந்தது. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளியம்மாளின் வீட்டில் பிறந்த பெண் கிழக்குப் பாறையில் நின்று இலை ஊத வேண்டும். அதற்கு முன்னால் ஒருவனும் புல்லுக்குள் கால் வைக்கக் கூடாது. பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை முன்பல்லால் கடித்துத் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ சத்தம் வரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதே இலையைப் பல்லால் இறுக்கியும் தளர்த்தியும் வேறொரு சத்தம் எடுப்பார்கள். நாய் வாயில் மாட்டிக்கொண்ட மான்குட்டி அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம் அது. அதைக் கேட்டால் எந்தப் பெண்மானும் நிற்காது. தன் குட்டியா, அடுத்தவள் குட்டியா என்று பார்க்காது. ஓடி வரும்.

"பன்னெண்டு வயசுல மொதல் மொதல்ல ஊதனேன்" என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். "ஒண்ணு வந்துச்சு. என் மூஞ்சிக்கு நேரா நின்னு பாத்துச்சு. எங்கப்பன் பின்னாடிலேந்து தடியால ஒரே போடு. மூள தெறிச்சு என் பாவாடைல பட்டுச்சு. நான் அழுதேன்னு நெனைக்காதீங்க. ராத்திரி ரெண்டு தட்டு சோறு துன்னேன்."

பிறகு எப்போது மனசு மாறியது என்று கேட்டேன். அதற்கு அவளிடம் பெரிய கதை எதுவும் இல்லை. புருஷன் போன பிறகு வாட்சர் வேலைக்கு ஆள் கேட்டார்கள், போனாள். தினம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றுக்கும் முகம் தெரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் காணும் பொங்கலன்று பாறையில் ஏற மாட்டேன் என்றாள். அண்ணன் தசரதன் அறைந்த அறையில் வலது காது இன்றைக்கும் மந்தம். ஆனால் அவள் ஊதவில்லை. வீட்டில் வேறு பெண் இல்லை. வழக்கத்தை மீற ஊராருக்கும் பயம். வேட்டை நின்றது. சட்டம் போட்டு நிற்காத ஒன்று இவள் வாயை மூடியதால் நின்றது.

இப்போது என் தப்பு. போன ஆடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போனோம். இலை ஊதிக் காட்டச் சொல்லிக் கிளியம்மாளைக் கெஞ்சியது நான்தான். மூன்று தடவை மாட்டேன் என்றாள். "ஒரே ஒரு தரம் கிளி, பசங்க ஆசைப்படறாங்க" என்றேன். ஊதினாள். நான் செல்போனில் வீடியோ எடுத்தேன். கடைசியில் "சூப்பர் கிளி, இன்னொரு தரம் ஊது" என்று என் குரலும் அதில் பதிந்தது. வீட்டுக்கு வந்ததும் சர்ச் குரூப்பில் போட்டேன், குடியிருப்பு குரூப்பில் போட்டேன். நூறு பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் வேறு குரூப்புக்கும் அனுப்பினார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி நான்தான்.

மார்கழியில் இருபத்தெட்டாவது மான் விழுந்தது. பின்பக்கத்தில் காயமே இல்லை. தொண்டையில் மட்டும் நாலு ஓட்டை, குரல்வளை நொறுங்கியிருந்தது. கிளியம்மாள் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது தெருநாய் இல்ல. தெருநாய்க்குத் தொண்டய புடிக்கத் தெரியாது. இது நீட்டு மூஞ்சி நாயி" என்றாள். கையைப் புல்லில் துடைத்தாள். "எங்கண்ணன் நாயி."

தசரதன் ஒரு காலத்தில் கேழ்வரகு போட்டவர். நிலமெல்லாம் மனை ஆன பிறகு மாடி வீடு கட்டி, கேட்டில் சிங்கப் பொம்மை வைத்தவர். போன வருஷம் ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாய் வாங்கினார். பெயர் புல்லட். கட்டிப்போடாமல் விட்டதில் அது ஐந்து தெருநாய்களைச் சேர்த்துக்கொண்டு மலை ஏறியது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது. அண்ணனுக்கு வேட்டைக் கை அரிக்க ஆரம்பித்திருந்தது. அவர் வீட்டுக்குக் கிளியம்மாளோடு நானும் போனேன்.

"நாயக் கட்டிப் போடுண்ணா" என்றாள், கேட்டுக்கு வெளியிலேயே நின்று.

"என் நாயி வூட்ட வுட்டுப் போறதே இல்ல. நீ பாத்தியா?"

"பல்லு அச்சு பாத்தேன்."

தசரதன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டரம்மா, இவ சின்ன வயசுல எவ்ளோ மான் கறி துன்னுகீறா தெரியுமா? இப்ப வந்து ஞாயம் பேசறா." பிறகு குரலை இறக்கினார். "இன்னாத்துக்குக் கிளி பேஜாரு? நீ எல ஊதாம எவனும் மல ஏற மாட்டான். அது நம்ம வூட்டு வழக்கம். நீதான் ஊத மாட்டேன்றியே. அப்புறம் இன்னா பயம்?"

அந்த வார்த்தையை நம்பி நாங்கள் திரும்பினோம். வனவர் சிட்டிபாபுவிடம் கிளியம்மாள் புகார் எழுதிக் கொடுத்தாள். அவரும் போய் எச்சரித்துவிட்டு வந்தார். அப்போது மலையில் மிச்சம் பதினோரு பெண்மான்கள். அதில் ஒன்றுக்குக் கிளியம்மாள் கிழிகாது என்று பெயர் வைத்திருந்தாள். குட்டியாக இருந்தபோது நாய் கடித்து இடது காது இரண்டாகப் பிளந்தது. நான்தான் தையல் போட்டேன், ஒட்டவில்லை. கிழிகாது நிறைமாதம். இந்தப் பதினொன்றும் போய்விட்டால் மலையில் மான் கிடையாது. "இதுங்கள வுட்டுட்டா நான் எதுக்குக் காக்கிய மாட்டிகினு திரியறேன்" என்று கிளியம்மாள் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வாள்.

காணும் பொங்கல் வந்தது. சிட்டிபாபுவுக்கும் மற்றவர்களுக்கும் அன்று பூங்காவில் கூட்டத்தைச் சமாளிக்கிற வேலை. நானும் கிளியம்மாளும் காலை எட்டரைக்கு மேலே புல்லுக்குள் குப்புறப் படுத்து, பைனாகுலரில் கிழிகாதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிறு இறங்கியிருந்தது. இன்றோ நாளையோ என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, இலைச் சத்தம் கேட்டது.

நான் கிளியம்மாளின் வாயைப் பார்த்தேன். மூடியிருந்தது.

கிழக்குப் பாறைப் பக்கமிருந்து மறுபடி கேட்டது. குட்டியின் அலறல், அதன் பின்னாலேயே என் குரல். "சூப்பர் கிளி, இன்னொரு தரம் ஊது." மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, ஸ்பீக்கரில். திரும்ப அலறல். திரும்ப நான். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மான்கள் தலை தூக்கின. ஒரே ஒரு நொடிதான். பிறகு பதினொன்றும் பாறையை நோக்கி ஓடின. கிளியம்மாள் எழுந்து கத்தினாள், கையை வீசினாள். ஒன்றும் திரும்பவில்லை. முன்னால் போன மான் பாறைக்கு இருபதடி இருக்கும்போது புல்லட் புல்லுக்குள்ளிருந்து கிளம்பித் தொண்டையைப் பிடித்தது. அந்தரத்தில் இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தன. இரண்டாவது மானைத் தெருநாய்கள் ஐந்தும் சூழ்ந்துகொண்டன. அதன் வயிறு கிழிந்ததைப் பார்த்தேன். உள்ளே இருந்த குட்டியை ஒரு நாய் பையோடு இழுத்தது. பாறைமேல் ஆட்கள் ஓ என்று கூச்சல் போட்டார்கள். மிரண்ட மான்கள் சிதறின. ஆனால் ஸ்பீக்கர் நிற்கவில்லை. கிழிகாதும் இன்னும் மூன்றும் சுற்றிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே திரும்பின.

பாறை இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றிலிருந்து கிளியம்மாள் ஒரு இலையைப் பறித்தாள். சுருட்டினாள், கடித்தாள், ஊதினாள்.

நான் அதற்கு முன் கேட்டது பிள்ளைகளுக்காக ஊதியது. இது வேறு. இழுத்து, நடுங்கி, மூச்சு அடைபட்டு, மறுபடி வெடித்துக் கிளம்பியது. கிழிகாது நின்றது. இரண்டு பக்கமும் காதைத் திருப்பியது. பிறகு எங்களை நோக்கிப் பாய்ந்தது, மற்ற மூன்றும் பின்னாலேயே. கிளியம்மாள் ஊதிக்கொண்டே மேற்குச் சரிவுக்குப் பின்வாங்கினாள். கிழிகாது அவள் கைக்கு எட்டும் தூரத்தில் தாண்டிப் போயிற்று.

அந்தச் சத்தம் மானை மட்டுமா கூப்பிடும்? நாயையும்தான் கூப்பிடும். புல்லட் வாயில் ரத்தத்தோடு நேராக வந்தது. கிளியம்மாள் வழியில் நின்றாள். இடது முன்கையைக் கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், கொடுத்துவிட்டு வலது கையால் கத்தியை இறக்கினாள். முதல் வெட்டு தோளில் பட்டது, நாய் விடவில்லை. இரண்டாவது முதுகில். மூன்றாவது வெட்டில் கழுத்து பாதி தொங்கியது, அப்போதும் பல் கையை விடவில்லை. நான் மற்ற நாய்கள்மேல் கல்லெறிந்தேன். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். அன்றைக்கு நாயும் இருந்தது, கல்லும் இருந்தது, எனக்குக் கைதான் வரவில்லை. ஒன்றுகூடப் படவில்லை. ஆனால் தலைவன் விழுந்ததைப் பார்த்து அவை ஓடிவிட்டன.

தசரதன் மூச்சிரைக்க வந்தார். நாயைப் பார்த்தார். கையில் இருந்த மூங்கில் தடியால் தங்கச்சியின் வாயில் அடித்தார். ஒரே அடி. பாறையில் ஏதோ தெறித்து விழுந்தது. இரண்டு முன்பல்.

"எவ்ளோ ஆசையா வளத்தேன், கொன்னுட்டியேடி பாவி."

கிளியம்மாள் ரத்தத்தைத் துப்பினாள். "நான் எல ஊதல. யாரும் மல ஏறக் கூடாது. வழக்கத்த மீறினது நீ."

"உன் எலதான்டி ஊதிச்சு" என்றார் தசரதன். "நம்ம வூட்டுப் பொண்ணு ஊதின எல. வழக்கம் மாறல."

பின்னால் அவர் மகன் தீனா ஸ்பீக்கரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். "சூப்பர் கிளி" என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பாறையில் அடித்தேன். நிற்கவில்லை. காலால் மிதித்தேன், கல்லைத் தூக்கிப் போட்டேன். தூள் தூளான பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு கிளியம்மாள்தான் சொன்னாள்.

அண்ணன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் நின்றவர்கள் பெயரையும் சொல்லி அவள் வாக்குமூலம் கொடுத்தாள். உதடு வீங்கிப் பேச்சு குழறியது, எழுதினவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கேட்டார். தசரதனும் தீனாவும் உள்ளே போனார்கள், சில வாரத்தில் ஜாமீனில் வந்தார்கள். ஊரில் இன்றுவரை அவளோடு யாரும் பேசுவதில்லை. கையில் பதினெட்டுத் தையல். பல் கட்டிக்கொள்ளலாம் என்றேன். கட்டின பல்லில் இலை நிற்காது என்றாள். பிறகு என்னோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் போன் செய்தால் எடுக்க மாட்டாள், நேரில் போனால் எழுந்து மலைக்குப் போய்விடுவாள். நான் அதற்குத் தகுதியானவள்தான். வீடியோவை அழித்தேன். ஒவ்வொரு குரூப்பிலும் காலில் விழாத குறையாக அழிக்கச் சொன்னேன். எல்லாரும் கும்பிடு பொம்மை அனுப்பினார்கள்.

மாசி பிறந்து இரண்டாவது ஞாயிறு அவளாகவே என் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த வீடியோ கீதா?"

"அழிச்சிட்டேன் கிளி. சத்தியமா."

"வேற யாரு கிட்டயாச்சும் கேளு."

முதல் தடவையாக என்னை ஒருமையில் கூப்பிட்டாள். சர்ச் சிநேகிதி எப்சிக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நொடியில் வந்தது. கிளியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

"உன் மேல கோவம் போவல. போவாது" என்றாள். "அத்த வுடு. இது எத்தினி போன்ல கீதோ. அழிக்க முடியாது. அந்த ஒம்போதும் சத்தம் கேட்டா ஓடி வரும். அடுத்த வருசம் எவனாச்சும் ஊதுவான். என் வாயால நானே சாவடிக்கற மாதிரி. சிங்கத்துக்கு அதுங்க தலையத் தூக்குதா?"

எனக்குப் புரிந்தது. இந்தச் சத்தத்தையும் மான்கள் நம்பாதபடி செய்ய வேண்டும்.

இனி எழுதுவது சிட்டிபாபு சார் கண்ணில் படாமல் இருக்கட்டும். மறுநாளிலிருந்து தினமும் காலையில் நாங்கள் இருவரும் மேலே போனோம். என் கையில் புது ஸ்பீக்கர், அவள் கையில் உண்டிவில்லும் ஒரு பை கூழாங்கல்லும். நான் சத்தத்தைப் போடுவேன். மான்கள் ஓடி வரும். பக்கத்தில் வந்ததும் அவள் அடிப்பாள். சும்மா பயமுறுத்த இல்லை, தொடையில், விலாவில், சதை துடிக்கிற மாதிரி. முதல் நாள் ஏழு வந்தன. ஏழும் அடி வாங்கின. கடைசிக் கல்லுக்குப் பிறகு அவள் தன் கையைத் தானே கடித்துக்கொண்டாள். இரண்டாவது பையை நிரப்பும்போது, "கடவுளே, இன்னா பொழப்பு" என்றாள்.

"நெஜமாவே ஒரு குட்டி கத்தினா?" என்று நான் கேட்டேன். "அப்பவும் வராமப் போச்சுன்னா?"

"பெத்தவளுக்குத் தன்னுது தெரியும்." பிறகு பையின் வாயைக் கட்டிக்கொண்டே, "தெரியலன்னா அந்தப் பாவம் எனக்குத்தான். நான் சொமந்துக்கறேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் நான்கு வந்தன. ஒன்பதாம் நாள் இரண்டு. பிறகு கிழிகாது மட்டும். அது குட்டி போட்டிருந்தது, புல்லுக்குள் எங்கோ ஒளித்துவைத்திருந்தது, அதனால் வராமல் இருக்க முடியவில்லை. மடி கனத்துத் தொங்க ஓடி வரும், கல்லடி படும், போகும், அடுத்த நாள் மறுபடி வரும். தோளில் ஒரு இடத்தில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. நான் காப்பாற்றத் தையல் போட்ட மான். பதினான்காம் நாள், "போதும் கிளி, செத்துடும்" என்று அவள் கையைப் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டாள். நான் ஊசிப்புல்லில் விழுந்தேன்.

"வர வேணாம்டி" என்று அவள் கிழிகாதைப் பார்த்துக் கத்தினாள், பல் இல்லாத வாயில் காற்றுப் போக. "வராதேன்றனே. எங்கிட்ட வராதே." கல் நெற்றிக்குப் பக்கத்தில் பட்டது. கிழிகாது தடுமாறி முன்னங்கால் மடங்கி விழுந்து, எழுந்து போயிற்று.

அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாள் மனசு கேட்காமல் போனேன். புல் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. ஒன்பதும் சேர்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. கிழிகாதின் பக்கத்தில் குட்டி, காலெல்லாம் குச்சி குச்சியாக. பூங்காவில் சிங்கம் கர்ஜித்தது. ஒன்றும் தலை தூக்கவில்லை. கிளியம்மாள் உண்டிவில்லில் கல்லை வைத்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தாள். நான் சத்தத்தைப் போட்டேன்.

கிழிகாது தலையைத் தூக்கியது. காது இரண்டும் எங்கள் பக்கம். முன்னங்காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அடுத்த நொடி, வெடித்தாற்போல் ஒரு எச்சரிக்கைக் குரல் கொடுத்துவிட்டு எதிர்ச்சரிவை நோக்கிப் பாய்ந்தது. மற்ற எட்டும் பின்னாலேயே ஓடின. குட்டியால் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்தங்கி நின்று மெலிதாகக் கத்தியது, ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. கிழிகாது அங்கேயே திரும்பியது. ஓடிவந்து குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு போயிற்று. எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

நான் ஸ்பீக்கரை அணைத்தேன். கிளியம்மாள் உண்டிவில்லைக் கீழே போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அப்பாடா" என்றாள். "இனிமே என்ன ஒருத்தியும் நம்ப மாட்டா டாக்டரம்மா."